பள்ளியில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை: மூன்று பிள்ளைகளின் கணக்கும் ஓர் அம்மாவின் கவலையும்

வாசகி கேட்டது:

"டீச்சர், வணக்கம். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். கணவரின் வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து நாலு வருஷம் ஆகிறது. மூன்று பிள்ளைகள். மூத்தவள் கிரேடு 9, நடுப்பெண் கிரேடு 6, பையன் கிரேடு 3. நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் காமர்ஸ் படித்தவள்.

பையனுக்குக் கழித்தலில் கடன் வாங்கிப் போடச் சொல்லிக்கொடுத்தேன். 'வகுப்பில் சொல்லித்தரும் முறையிலேயே போடட்டும்' என்று அவன் டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பிவிட்டார். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே அழுகிறான். நான் எண்களை எழுதும் விதமே தப்பு என்கிறாள் நடுப்பெண். மூத்தவள் புத்தகத்தைத் திறந்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜூன் பரீட்சையில் 48 வாங்கியிருக்கிறாள். அடுத்த வருஷம் மேத்ஸுக்குப் பதிலாக மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி, அன்றாட வாழ்க்கைக்கான கணக்கு) எடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்கிறது பள்ளி. மேத்ஸ்தான் எடுக்கணும் என்று கணவர் ஒரே பிடிவாதம். வீட்டில் தினமும் சண்டை. ஒருநாள் கோபத்தில் 'எனக்கே கணக்கு வராது, உனக்கு எங்கே வரப்போகுது' என்று சொல்லிவிட்டேன். மூன்று பேரையும் டியூஷனில் சேர்க்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. கணக்கைத் தமிழில் பேசினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்றும் சொல்கிறார். நான் என்ன செய்ய?"

— பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய், டர்பன்

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று பிள்ளைகளுக்கும் நீங்கள் ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் பட்டது அதுதான். கிரேடு 3 பிள்ளைக்கு அம்மா செய்ய வேண்டியது வேறு, கிரேடு 9 பிள்ளைக்குச் செய்ய வேண்டியது வேறு. வகுப்பு ஏற ஏற நீங்கள் சொல்லிக்கொடுப்பது குறையணும், பிள்ளை உங்களுக்குச் சொல்வது கூடணும். கிரேடு 9க்கு வரும்போது அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியுமா என்பதே பெரிய விஷயமாக இருக்காது. பிளஸ் டூ காமர்ஸ் படித்த உங்களால் மூன்று பேருக்கும் நன்றாகவே உதவ முடியும். டர்பன் பள்ளிகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் பையனைப் பார்ப்போம். அழுகிற பிள்ளையைத்தான் முதலில் கவனிக்கணும்.

அவனுடைய டீச்சர் உங்களைக் குறை சொல்ல அந்தக் குறிப்பை எழுதவில்லை. தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டத்தில் கிரேடு 1 முதல் 3 வரை, எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கடன் வாங்கிக் கழிக்கும் முறை கிடையாது. எண்ணைப் பிரித்துப் போடுவது, எண்கோட்டில் தாவிப் போடுவது, இரட்டிப்பது, பாதியாக்குவது, இவைதான் இருக்கும். நீங்களும் நானும் படித்த அந்தச் செங்குத்து முறை பொதுவாகக் கிரேடு 5 வாக்கில்தான் வருகிறது. அதனால் நீங்கள் சொல்லிக்கொடுத்தது தப்பு இல்லை, இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் எரிச்சல் பாதி போய்விடும். 82லிருந்து 47ஐக் கழிக்கச் சொல்லுங்கள். கீழே கீழே எழுதிப் போடும் சின்னப் பிள்ளைகளில் நிறையப் பேர் 45 என்று எழுதுவார்கள். எட்டில் நாலு போனால் நாலு. அடுத்து இரண்டில் ஏழு போகாது, ஆனால் ஏழில் இரண்டு போகுமே! அதைப் போட்டு ஐந்து என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு 82 என்பது எண்பத்திரண்டாகத் தெரியவில்லை. ஓர் எட்டும் ஓர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதாகத்தான் தெரிகிறது. கடன் வாங்கச் சொன்னால் வாங்குவான். ஆனால் யாரிடம் எவ்வளவு வாங்கினான் என்று கேட்டால் முழிப்பான். கிரேடு 3 முடிவதற்குள் 999 வரை கூட்டல் கழித்தல் வந்துவிடும். அப்போது மூன்று இலக்கத்தில் அதே முழிப்பு இன்னும் பெரிதாகும்.

வகுப்பில் இதையே இரண்டு மூன்று விதமாகப் போடுவார்கள். ஒரு விதத்தில் 82ஐ 70, 12 என்று பிரிப்பார்கள், 47ஐ 40, 7 என்று பிரிப்பார்கள். 70இல் 40 போனால் 30. 12இல் 7 போனால் 5. ஆக 35. கவனித்துப் பாருங்கள், இதுவும் உங்கள் கடன் வாங்கல்தான். பத்து எங்கிருந்து எங்கே போனது என்பது மட்டும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொரு விதம் எண்கோட்டில். 47லிருந்து 3 தாவினால் 50. அங்கிருந்து 30 தாவினால் 80. இன்னும் 2, 82. தாவியது மொத்தம் 35. இந்த இரண்டாவது முறை உங்களுக்குப் புதிதே கிடையாது. 47 ரூபாய்க்குப் பூ வாங்கிவிட்டு நூறு ரூபாயை நீட்டினால், பூக்காரம்மா மூன்றைக் கொடுத்து "அம்பது", ஐம்பதைக் கொடுத்து "நூறு" என்று எண்ணித்தானே மீதியைத் தருவார்? அவர் பேப்பரில் கடன் வாங்கிக் கழித்துப் பார்ப்பதில்லை.

அதனால் இனிமேல் அவன் பக்கத்தில் உட்காரும்போது பென்சில் அவன் கையிலேயே இருக்கட்டும். "இதை உங்க டீச்சர் எப்படிப் போடச் சொன்னாங்க? அம்மாவுக்கு அந்த முறை தெரியாது, சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். நிஜமாகவே உங்களுக்கு அந்த முறை தெரியாதே, அதனால் இது நடிப்பும் இல்லை. அவன் சொல்லச் சொல்ல எங்கே தடுமாறுகிறான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவனுக்கும் மறந்திருந்தால், அரசுப் பள்ளிகளில் கிரேடு 9 வரை இலவசமாகத் தரும் கணக்குப் பயிற்சிப் புத்தகத்தில் முந்தைய பக்கங்களைப் புரட்டுங்கள். போட்டுக் காட்டிய கணக்கு ஒன்று இருக்கும். அதுவும் புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "இந்தக் கணக்கு இவனுக்குப் பிடிபடவில்லை, இதுவரை போட்டுப் பார்த்தான்" என்று நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஒரு டீச்சருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு உதவும் தெரியுமா? வீட்டில் அம்மா போட்டுக் கொடுத்த சரியான விடையை வைத்துக்கொண்டு நாங்கள் ஒன்றுமே செய்ய முடியாது. பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம்.

இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கண் கலங்கினால் அந்த நிமிஷமே மூடி வையுங்கள். அழுதுகொண்டு போட்ட கணக்கு மனதில் தங்காது, அழுகைதான் தங்கும்.

அப்புறம், உங்கள் பலம் ஒன்று இருக்கிறது. வாய்ப்பாடு. நம் ஊரில் ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தோமே, அது இங்கே பல பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. கிரேடு 3இல் 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகள் கையில் இருந்தால் போதும். பள்ளிக்குக் கிளம்பும்போது, காரில் போகும்போது, குளிக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். வரிசையாக ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்தாமல் தாறுமாறாகவும் கேளுங்கள். நாலஞ்சு எவ்வளவு? இருபது வர எத்தனை அஞ்சு வேணும்? இரண்டாவது கேள்விதான் நாளைக்கு வகுத்தலாக வரப்போகிறது.

தமிழில் பேசினால் குழம்புவான் என்ற ஆன்ட்டியின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பிள்ளை எந்த மொழியில் வீட்டில் யோசிக்கிறானோ அந்த மொழியில் கணக்கைப் பேசட்டும். ஆனால் கணக்கில் வரும் சில ஆங்கிலச் சொற்களை மட்டும் தனியாகப் பழக்குங்கள். ஒன்பதுக்கும் நாலுக்கும் "டிஃபரன்ஸ்" என்ன என்று பரீட்சையில் கேட்டால், "ஒன்று பெரிசு, ஒன்று சின்னது" என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. அவனுக்குக் கழித்தல் தெரியும், அந்தச் சொல் கழித்தலைக் கேட்கிறது என்றுதான் தெரியவில்லை. புத்தகத்தில் அப்படி ஒரு சொல் வந்தால் தமிழில் ஒரு தடவை விளக்கிவிட்டு, ஆங்கிலத்திலேயே கேட்டுப் பழக்குங்கள்.

சரி, நடுப்பெண்.

எண்ணை எழுதும் விதத்தைப் பற்றி அவள் சொன்னது சரிதான். நீங்கள் ஆயிரத்து இருநூற்றைம்பதை 1,250 என்று எழுதுவீர்கள். தென்னாப்பிரிக்கப் பள்ளியில் கமா தசமப் புள்ளியின் இடத்தில் வரும். அவள் கண்ணுக்கு உங்கள் 1,250 என்பது ஒன்றேகால்! ஆயிரத்தைப் பிரிக்க இங்கே இடைவெளிதான் விடுவார்கள்: 1 250. நாம் பன்னிரண்டரை லட்சத்தை 12,50,000 என்று எழுதுவோம், அவள் 1 250 000 என்று எழுதுவாள். கிரேடு 6இல் ஒன்பது இலக்க எண்கள் வரை வருகின்றன, அதனால் லட்சம், கோடி என்று சொல்லி உதவப் போனால் அவள் மண்டையில் பூஜ்யங்கள் இடம் மாறும். அவளோடு உட்காரும்போது அவள் எழுதுகிற விதத்திலேயே நீங்களும் எழுதுங்கள். இது மட்டும் மாறினாலே உங்கள் இருவருக்கும் இடையில் பாதிச் சண்டை ஓயும்.

இந்த வயதில் பிள்ளைகளை உண்மையாகவே கவிழ்ப்பது பின்னமும் தசமமும்தான். 0,3 பெரிதா 0,25 பெரிதா என்று கேட்டுப் பாருங்கள். இருபத்தைந்து மூன்றை விடப் பெரிது, அதனால் 0,25 என்பாள். நாலில் ஒன்று பெரிதா எட்டில் ஒன்று பெரிதா என்றால், எட்டுதானே பெரிது என்று அதைக் காட்டுவாள். விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் இந்தத் தப்பு போகாது. கண்ணால் பார்க்க வேண்டும். டர்பனில் அதற்குப் பஞ்சமே இல்லை. பன்னி சௌ (பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பித் தருவது) வாங்கப் போனால் குவார்ட்டர், ஹாஃப், ஃபுல் என்றுதானே கேட்கிறார்கள்? முழு ரொட்டியில் கால் பாகம் குவார்ட்டர், அரைப் பாகம் ஹாஃப். நாலு என்பது இரண்டை விடப் பெரிய எண். ஆனால் குவார்ட்டர் பன்னி ஹாஃபை விடச் சின்னது, விலையும் குறைவு. "ஏன் அப்படி?" என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவள் வாயிலிருந்து "நாலு பங்காப் போட்டா ஒவ்வொண்ணும் சின்னதாத்தானே இருக்கும்" என்று வரணும். அடுத்த கேள்வி: "ஒரு ஹாஃபும் ஒரு குவார்ட்டரும் வாங்கினா முழு ரொட்டியில எவ்வளவு?" முக்கால் என்று உடனே சொல்வாள். அதையே நோட்டில் எழுதச் சொன்னால் மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி, ஆறில் இரண்டு என்று எழுத வாய்ப்பு உண்டு. அப்படி எழுதினால் திட்ட வேண்டாம். "ஆறில் இரண்டுன்னா மூணில் ஒண்ணு. அது அரையை விடவே கம்மியாச்சே, நாம வாங்கினது அரைக்கும் மேலே இல்லையா?" என்று கேளுங்கள். விடை பொருந்துகிறதா என்று அவளே பார்க்கப் பழகட்டும். இந்தப் பழக்கம் மேட்ரிக் (இங்கே கிரேடு 12 இறுதித் தேர்வு) வரை அவளுக்குக் கை கொடுக்கும்.

வகுத்தலிலும் அதே கதைதான். 432ஐ 16ஆல் வகுக்க நாம் நேரே நெடுவகுத்தல் போடுவோம். இங்கே நெடுவகுத்தல் கிரேடு 6இல்தான் வருகிறது. அதற்கு முன்பு பழகியது வேறு. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு 16இன் மடங்குகளை எழுதி வைத்துக்கொள்வார்கள், க்ளூ போர்டு என்பார்கள்: இரண்டு மடங்கு 32, ஐந்து மடங்கு 80, பத்து மடங்கு 160, இருபது மடங்கு 320. பிறகு 432இல் 320 போக 112, அதில் 80 போக 32, அதில் 32 போக ஒன்றுமில்லை. இருபது, ஐந்து, இரண்டு, ஆக 27. அவள் நெடுவகுத்தலில் சிக்கினால் இதற்குத் திரும்பிப் போய், இரண்டிலும் ஒரே விடை வருவதைப் பார்க்கட்டும். கடைசியில் 27ஐயும் 16ஐயும் பெருக்கிச் சரிபார்க்க வைப்பது உங்கள் பொறுப்பு.

சதவீதத்துக்குக் கடை ரசீதை எடுங்கள். இங்கே விற்பனை வரி 2018 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி, பால், முட்டை போன்றவற்றுக்கு வரி கிடையாது. சோப்பு, பிஸ்கட்டுக்கு உண்டு. எதற்கெல்லாம் வரி என்று ரசீதில் அவளைத் தேடச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: வரியோடு சேர்த்து 23 ராண்ட் என்றால் அதில் வரி எவ்வளவு? 23இல் 15 சதவீதம் எடுத்து 3 ராண்ட் 45 சென்ட் என்பாள். அது தப்பு. வரிக்கு முந்தைய விலை 20, வரி 3. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்லிவிடாதீர்கள். காமர்ஸ் படித்த அம்மாவும் பொண்ணும் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

மூத்தவள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த 48 இல்லை, "எனக்கே கணக்கு வராது" என்ற வார்த்தை.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பற்றியது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருஷம் கணக்கில் குறைவாகவே கற்றார்கள், பயமும் கூடியது. அதே அளவு பயமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். பயத்தோடும் கோபத்தோடும் உட்காராதீர்கள் என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வேன். மகளிடம் ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுங்கள்: "அன்னைக்குக் கோவத்துல சொன்னேன், அது சரியில்ல. நான் படிக்கலைங்கிறது வேற, உன்னால முடியுமாங்கிறது வேற." பெரிய பெண்தான், புரிந்துகொள்வாள்.

அல்ஜிப்ரா தெரியாமல் எப்படி உதவுவது? ஒரே ஒரு வித்தை போதும். எழுத்து இருக்கும் இடத்தில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. 5x − 7 = 2x + 8 என்ற சமன்பாட்டுக்கு அவள் விடை x = 5 என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம் ஐயஞ்சு இருபத்தஞ்சில் ஏழு போனால் 18. வலது பக்கம் ஈரஞ்சு பத்தும் எட்டும் 18. சரி. இதற்கு அல்ஜிப்ரா எதற்கு? அதே மாதிரி x + 3 என்பதன் வர்க்கத்தை விரித்து எழுதச் சொன்னால், x வர்க்கம் கூட்டல் 9 என்று எழுதுவது கிரேடு 9இல் தினமும் பார்க்கும் தப்பு. x இருக்கும் இடத்தில் 1 போடுங்கள். முதலில் இருந்தது நாலின் வர்க்கம், 16. அவள் எழுதியது ஒன்றும் ஒன்பதும், 10. இரண்டும் ஒன்றில்லை, அப்படியானால் எங்கேயோ ஏதோ விட்டுப்போயிருக்கிறது. எது என்று அவள் தேடட்டும். நீங்கள் விடை சொல்ல வேண்டியதே இல்லை. "எண் போட்டுப் பார்த்தியா?" என்று தினமும் கேட்டால் போதும்.

இப்போது அந்த முக்கியமான முடிவு. நம் ஊரிலிருந்து வந்த பெற்றோர்களுக்காக ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரேடு 10இலிருந்து ஒவ்வொரு மாணவரும் மேத்ஸ் அல்லது மேத்ஸ் லிட் எடுத்தே ஆகணும். தொழில்நுட்பப் பள்ளிகளில் டெக்னிக்கல் மேத்ஸும் உண்டு. கணக்கே வேண்டாம் என்று விட முடியாது. மேத்ஸ் லிட் என்பது மேத்ஸின் சுலபமான பதிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு பாடம். கடன், வட்டி, மின்கட்டணம், வரைபடம், வீட்டுத் திட்டம், புள்ளிவிவரம் என்று வாழ்க்கையில் எண்கள் வரும் இடங்களைப் படிப்பது. அதில் கேவலம் எதுவும் கிடையாது. ஆனால் பொறியியல், மருத்துவம், கணினி அறிவியல், சார்ட்டர்ட் அக்கவுண்டன்சி இவற்றுக்கு மேத்ஸ் இல்லாமல் போக முடியாது. சட்டம், மொழிகள், சமூகவியல் போன்றவற்றுக்குப் பல இடங்களில் மேத்ஸ் லிட் போதும். மேத்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்குவது கிரேடு 10இல் நடக்கக்கூடியது, அடிக்கடி நடப்பதும்கூட. லிட்டிலிருந்து மேத்ஸுக்கு ஏறுவது மிகவும் கஷ்டம்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் கணவர் "பார்த்தியா, மேத்ஸ்தான்" என்பார். பொறுங்கள். கிரேடு 10 மேத்ஸ் ஒரு பெரிய படி. சார்புகளின் வரைபடம், முக்கோணவியல், காரணம் எழுதி நிறுவும் வடிவியல் எல்லாம் ஒன்றாக வருகின்றன. அல்ஜிப்ரா ஆட்டம் காணும் பிள்ளை அங்கே தினமும் தோற்பாள். மற்ற பாடங்களுக்கான நேரத்தையும் அது தின்றுவிடும். மேத்ஸில் முப்பது சொச்சம் வாங்கிய பிள்ளைக்கும் பொறியியலில் இடம் கிடையாது.

எனவே 48 என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 40 முதல் 49 வரை இங்கே லெவல் 3, ஏழு லெவல்களில் மூன்றாவது. அது ஒன்றையும் சொல்லாது. திருத்திய விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டு மேஜையில் விரித்து, போன மதிப்பெண் ஒவ்வொன்றும் எதனால் போனது என்று அவளையே ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பிளஸ், மைனஸ் குறியில் தப்பா? மைனஸ் 3இலிருந்து 5 போனால் மைனஸ் 8, அதைப் பிளஸ் 8 என்று எழுதினாளா? பின்னம் தெரியாமல் சமன்பாட்டில் மாட்டிக்கொண்டாளா? கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா? நேரம் போதாமல் கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லையா? அல்லது முறையே தெரியாமல் வெற்றாக விட்டாளா? நான் பார்த்தவரை, இந்த மதிப்பெண்ணில் நிற்கும் பிள்ளைகளில் பலர் கிரேடு 9 பாடத்தில் தோற்பதில்லை. கிரேடு 6, 7இல் விட்டுப்போன பின்னமும் மைனஸ் எண்களும்தான் அவர்களைக் கீழே இழுக்கின்றன. உங்கள் மகள் அப்படித்தான் என்றால், தினமும் அரை மணி நேரம் அந்தப் பழைய பாடங்களைப் போட்டால் வருஷக் கடைசிக்குள் வித்தியாசம் தெரியும், மேத்ஸ் எடுக்கத் துணியலாம். தங்கையோடு சேர்ந்து உட்கார்ந்தால் கூச்சம் இல்லாமலும் நடக்கும். முறை தெரியாத வெற்றிடங்களே அதிகம், போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், பள்ளி சொல்வதை மதித்துக் கேளுங்கள்.

அவளிடம் கேட்டீர்களா? என்ன ஆகணும் என்று ஆசை என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. பதினான்கு, பதினைந்து வயதில் முழுதாகத் தெரியாது, ஆனாலும் எந்தப் பக்கம் மனம் போகிறது என்று தெரியும். க்வாஸுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டும் எந்தப் படிப்புக்கு எந்தக் கணக்கு, எத்தனை மதிப்பெண் என்று இணையதளத்தில் போட்டிருக்கின்றன. அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து மூன்று படிப்புகளின் விதிகளை எடுத்துப் பார்க்கட்டும். கத்திக்கொண்டு பேசியதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசிவிடுவார்கள்.

மேத்ஸ் எடுத்தால் கிரேடு 10 முதல் 12 வரைக்கான சியாவுலா பாடநூல்கள் இணையத்தில் இலவசம். பழைய மேட்ரிக் வினாத்தாள்களும் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து வைத்து, மணி பார்த்து, போனை வாங்கி வைத்துக்கொள்வதுதான் அந்த வயதில் அம்மாவின் உதவி.

இங்கேயே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 2008 முதல் 2013 வரை மேட்ரிக் எழுதியவராக இருந்தால், யூக்ளிட் வடிவியல் விருப்பத் தேர்வான மூன்றாம் தாளில் இருந்தது. உங்களில் பலர் அதை எழுதியே இருக்க மாட்டீர்கள். 2014 முதல் அது மேத்ஸ் எடுக்கும் எல்லோருக்கும் கட்டாயம், இரண்டாம் தாளில் வருகிறது. "நாங்க இதெல்லாம் படிக்காமலே பாஸ் பண்ணோம்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பாட்டி தாத்தா "ஸ்டாண்டர்ட் 4" என்று சொல்வது இப்போதைய கிரேடு 6. அந்தக் கணக்குத் தெரியாமல் பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டு வகுப்பு தள்ளிப்போகும்.

டியூஷன் பற்றி: மூன்று பேருக்கும் வேண்டாம். பையனுக்கு இப்போது இன்னொரு டீச்சர், மூன்றாவது ஒரு முறை என்று போனால் நிலைமை மோசமாகும். நடுப்பெண்ணுக்குத் தேவையே இல்லை. மூத்தவளுக்கு, விடைத்தாளைப் பார்த்த பிறகு குறிப்பிட்ட இரண்டு மூன்று பாடங்களுக்கு மட்டும் சில வாரம் வைக்கலாம். இதுதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டுப்பாடத்தைப் போட்டுக் கொடுத்து அனுப்புகிற டியூஷனாக இருந்தால் அடுத்த நாளே நிறுத்திவிடுங்கள்.

பாடத் தேர்வுப் படிவம் பொதுவாக மூன்றாம் பருவத்தில் வரும். அதற்கு முன்பே மகளின் கணித ஆசிரியரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். பொதுப் பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் நின்று ஐந்து நிமிஷம் பேசினால் போதாது. விடைத்தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். "இவள் மதிப்பெண் எந்தப் பாடங்களில் போகிறது? நவம்பருக்குள் எதைச் சரிசெய்தால் மேத்ஸுக்கு நீங்கள் சரி என்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை மகளே எழுதிக்கொள்ளட்டும். கணவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர் அங்கே பேசாமல் கேட்டாலே போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்